அரிசி, மின்சாரம், ரயில்: தங்கவயலுக்காகக் கேள்வி கேட்ட அவை எது?

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் ஆழத்திலிருந்தே எழுதப்படுகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதையும், ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் மேலே வந்ததையும், பாறை வெடிப்புகளில் தொழிலாளர்கள் மாண்டதையும் நாம் அறிவோம். தொழிலாளர் வாழ்வைப் பற்றியும் ஜானகி நாயரின் 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' (1998) போன்ற முக்கியமான ஆய்வுகள் வந்துள்ளன. இப்பதிவு அவற்றுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க ஒரு சிறு கேள்வியை எழுப்புகிறது. தொழிலாளியின் வீட்டில் பொங்கிய அரிசியின் தரம், அந்த வீட்டு விளக்குக்கான மின்சாரத்தின் விலை, அவர் ஏறிய ரயிலின் கட்டணம் ஆகிய மூன்றையும் குறித்துக் கேள்வி கேட்கும் உரிமை எந்தக் காலத்தில், எந்த அவைக்கு இருந்தது?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கவயலுக்குத் தானியமும் மின்சாரமும் ரயிலும் சுரங்கத்தின் தேவையை ஒட்டி வந்தவை. ஆகவே அவை குறித்த கணக்கும் நெடுங்காலம் சுரங்கத்தின் செலவுக் கணக்காகவே பார்க்கப்பட்டது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது அந்தக் கணக்கு முடிந்துபோனது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கேட்கப் பழகிய அவைகள், ஓர் ஊரின் அன்றாடத்தைக் கேட்பதற்குரிய வழியை இன்னும் முழுமையாகக் கண்டடையவில்லை.

1. பொன் இல்லாத பொன்னூர்

பங்காருபேட்டையில் தங்கச் சுரங்கம் கிடையாது. 'பங்காரு' என்றால் பொன் என்பதை அறிந்து இறங்குகிறவர் அங்கே காண்பது ஒரு ரயில் சந்திப்பைத்தான். 1862 முதல் 1870 வரை மைசூரின் ஆணையராக இருந்த லூயின் பென்தம் பௌரிங்கின் பெயரால் அது முன்பு பௌரிங்பேட்டை எனப்பட்டது. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் பாதை 1864இல் திறக்கப்பட்டபோது அவ்வழியில் அமைந்த நிலையம் அது. பின்னர் 1894இல் அங்கிருந்து மாரிகுப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டருக்குக் கிளைப்பாதை போடப்பட்டது. கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன், மாரிகுப்பம் என்று அப்பாதையின் நிலையங்கள் சுரங்கங்களையும் சுரங்கக் குடியிருப்புகளையும் ஒட்டி வரிசையாக நிற்கின்றன.

இந்தப் பாதை எதற்காக வந்தது? நீராவி இயந்திரங்களுக்கு விறகும் நிலக்கரியும் வேண்டியிருந்தன. சுற்றுக் காடுகள் அந்தப் பசிக்குப் போதவில்லை. கனரக எந்திரங்களும் நிலக்கரியும் சென்னைத் துறைமுகத்திலிருந்து வர வேண்டியிருந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் ஆதிதிராவிடக் குடும்பங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள் இதே வழியாகத்தான் வந்தார்கள். ஆனால் பாதையைப் போடச் செய்தது எரிபொருளும் எந்திரமும். தொழிலாளர்களுக்கு ரயில் கிடைத்தது அந்தப் போக்குவரத்தின் உபரியாக என்றே சொல்ல வேண்டும். இந்த வரிசைமுறையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பலவும் விளங்கும்.

2. லண்டனில் இருந்தவை, தங்கவயலுக்கு வராதவை

1880இல் மைசூர் சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கிய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் லண்டன் நிறுவனம். அந்த நிறுவனத்தின் சொந்த நாட்டில் நம் மூன்று பொருள்களுமே அதற்குள் நாடாளுமன்றத்தின் விசாரணைக்கு வந்துவிட்டிருந்தன.

உணவுக் கலப்படத்தை ஆராய 1855இல் பிரிட்டிஷ் மக்களவை ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. அதன் பயனாக 1860இல் முதல் கலப்படத் தடைச் சட்டமும், 1875இல் அதைவிட வலுவான உணவு, மருந்து விற்பனைச் சட்டமும் வந்தன. 1844ஆம் ஆண்டின் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், நாளொன்றுக்கு ஒரு வண்டியேனும் எல்லா நிலையங்களிலும் நின்று, மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில், கூரையுள்ள பெட்டிகளில் ஏழைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்றது. 1883இல் வந்த மலிவு ரயில்கள் சட்டம், மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரையிலான நேரத்தில் தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டண வண்டிகளை ஓட்டச் செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. 1882ஆம் ஆண்டின் மின்விளக்குச் சட்டத்தின்படி, மின்சாரம் விற்கும் நிறுவனங்களுக்கு உச்ச விலை விதிக்க இயன்றது. ஊதியத்தைப் பண்டமாகத் தராமல் நாணயமாகவே தர வேண்டும் என்ற சட்டம் 1831இலேயே இருந்தது.

மூலதனம் கப்பலேறி மைசூருக்கு வந்தபோது இச்சட்டங்கள் உடன் வரவில்லை. மைசூர் ஒரு சமஸ்தானம். அங்கே நடக்கும் தொழிலாளர் வாழ்வுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நேரடிப் பொறுப்பாளர் அல்ல. பங்குதாரருக்கு ஆண்டுதோறும் லாபக் கணக்கு போய்ச் சேர்ந்தது. தொழிலாளியின் அரிசியைப் பற்றி யாரும் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

3. மைசூரின் அவையும் அதன் வாசலும்

மைசூருக்கு அவை இல்லாமல் இல்லை. திவான் ரங்காச்சார்லு 1881இல் தொடங்கிய பிரதிநிதி சபை, இந்தியச் சமஸ்தானங்களில் முன்னோடியானது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, தசராவை ஒட்டி, 144 உறுப்பினர்களுடன் அது முதன்முதலாகக் கூடியது. 1907இல் சட்ட மேலவை வந்தது. 1923 சீர்திருத்தங்கள் பிரதிநிதி சபைக்குச் சட்ட அடிப்படையை அளித்தன. குளம், சாலை, வரி, பள்ளி என்று மக்கள் குறைகள் அங்கே ஒலித்தன.

எனினும் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளைச் சார்ந்திருந்தது. நிலமில்லாத, நிறுவனத்தின் இடத்தில் தட்டி வீட்டில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளிக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அரசின் வருவாயில் தங்கத்தின் உரிமத்தொகையும் சேர்ந்திருந்த நாட்டில், அத்தங்கத்தை வெட்டியவர்கள் வாக்காளர்கள் அல்ல. ஊர் நிர்வாகமும், சுரங்க நிறுவனங்களின் செல்வாக்கு மிகுந்த சுகாதார வாரியத்தின் கையில் இருந்தது.

கேள்வி கேட்க அவை இல்லாதபோது வேலைநிறுத்தமே கேள்வி கேட்கும் வழியாகிறது. 1930 ஏப்ரலில், தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்ததை அப்படித்தான் படிக்க வேண்டும். அன்றைக்கு அவர்களுக்கு வேறு மனு மன்றம் இல்லை.

உணவும் இந்தப் பின்னணியில்தான் ஊதியத்தோடு பிணைந்தது. இரண்டாம் உலகப்போரில் விலைகள் ஏறியபோது, கூலியை உயர்த்துவதற்கு மாற்றாகத் தானியத்தைச் சலுகை விலையில் தரும் முறை இந்தியத் தொழில் நகரங்கள் பலவற்றில் பரவியது. தங்கவயலும் அதற்கு விலக்கல்ல. இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. தானியம் கூலியின் பகுதியாகிவிட்டால், தானியத்தின் தரம் கூலியின் அளவாகிவிடுகிறது. அரிசியில் கல் கிடந்தால், அது கூலியில் கிடக்கும் கல். உணவுப் பாதுகாப்பு என்று இன்று நாம் பிரித்துப் பேசுவது அன்றைய தொழிலாளிக்கு ஊதியப் பிரச்சினையாகவே இருந்தது.

4. காவிரியிலிருந்து வந்த மின்சாரம்

மின்சாரத்தின் கதை இன்னும் விரிவானது. திவான் கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில், பொறியாளர் ஜோலி டி லாட்பினியேர் வகுத்த திட்டப்படி, சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது. 1902 ஜூன் 30 அன்று, 92 மைல் தொலைவைக் கடந்து அது தங்கவயலை அடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்துப் பாதைகளுள் ஒன்று அது. தலைநகராகிய மைசூருக்கு முன்பே, பெங்களூருக்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே, தங்கவயல் மின்சாரம் பெற்றது.

இப்பெருமை அடிக்கடி சொல்லப்படுகிறது. விலை நிர்ணயிக்கப்பட்ட முறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரசு விற்றது, சுரங்க நிறுவனங்கள் வாங்கின. ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இத்தனை பவுண்டு என்று, ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும் விகிதத்தில், நீண்டகால ஒப்பந்தமாக விலை எழுதப்பட்டது. நிலக்கரியைவிட மலிவான ஆற்றல் சுரங்கத்துக்குக் கிடைத்தது. நிலையான வருவாய் அரசுக்குக் கிடைத்தது. ஒப்பந்தத்தின் இரு தரப்பிலும் தொழிலாளர் குடியிருப்பு இல்லை. வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்கள் ஒளிர்ந்த ஊரில், தட்டி வீடுகளுக்கு வெளிச்சம் வர நீண்ட காலம் ஆயிற்று.

கோடையில் காவிரியில் நீர் குறைந்தால் சுரங்கத்தின் மின்சாரமும் குறையும். கண்ணம்பாடியில் அணை வேண்டும் என்று மு. விசுவேசுவரய்யா வாதிட்டபோது, பாசனத்தோடு தங்கவயலுக்குத் தடையற்ற மின்சாரம் என்பதும் முக்கியக் காரணமாக வைக்கப்பட்டது. 1911இல் பணி தொடங்கியது. தஞ்சைப் பாசனம் பாதிக்கப்படும் என்று சென்னை மாகாணம் எதிர்த்தது. 1892 உடன்படிக்கையின்படி சென்னையின் இசைவு தேவை என்பதே வழக்கின் அடிப்படை. நடுவர் தீர்ப்பும் மேல்முறையீடும் கடந்து 1924இல் உடன்பாடு ஏற்பட்டது.

காவிரிச் சிக்கலைப் பற்றிய நம் எழுத்துகளில் தங்கவயல் ஓர் அடிக்குறிப்பாகவே வருகிறது. ஆனால் ஒரு பக்கம் தங்கச் சுரங்கத்தின் எரிசக்தித் தேவை, மறுபக்கம் தஞ்சை நெல் என்று ஒரே ஆற்றின் மேல் இரண்டு கணக்குகள் மோதிய தருணம் அது. இரண்டு அரசுகளும் தத்தம் தரப்பை உரக்கச் சொல்லின. தமிழ் பேசும் சுரங்கத் தொழிலாளி இரண்டு தரப்பிலும் எண்ணப்படவில்லை. சென்னைக்கு அவர் வெளியேறிப் போனவர். மைசூருக்கு அவர் வந்து சேர்ந்தவர்.

5. நாடாளுமன்றமே முதலாளி

விடுதலைக்குப் பின் வாக்குரிமை வந்தது. கம்யூனிஸ்ட் கட்சி, இந்தியக் குடியரசுக் கட்சி, பின்னாளில் அண்ணா தி.மு.க. என்று மாநிலத்தின் பொதுப்போக்கிலிருந்து மாறுபட்ட கட்சிகளின் உறுப்பினர்களைத் தங்கவயல் சட்டப்பேரவைக்கு அனுப்பியிருக்கிறது. 1956 இறுதியில் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்குச் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. இதன் பொருளை நாம் சரியாக உள்வாங்க வேண்டும். 1962க்குப் பின் இந்திய நாடாளுமன்றம் தங்கவயலைப் பொறுத்தவரை வெறும் சட்டமியற்றும் அவை அல்ல. அமைச்சகத்தின் வழியாக அதுவே உரிமையாளரின் இடத்தில் இருந்தது. கேள்வி நேரம், மானியக் கோரிக்கை மீதான விவாதம், மதிப்பீட்டுக் குழு, 1964இல் அமைந்த பொதுத்துறை நிறுவனங்கள் குழு ஆகிய எல்லா வழிகளும் திறந்திருந்தன.

அவ்வழிகளில் எந்த வகையான கேள்வி எளிதாகச் செல்ல முடிந்தது என்பதே சிக்கல். பொதுத்துறை நிறுவனத்தைப் பற்றிய கேள்வி இயல்பாகவே உற்பத்தி, செலவு, நட்டம் என்ற சட்டகத்தில் விழும். தங்கவயலின் நட்டமோ விலை நிர்ணயத்தோடு கட்டுண்டது. சுரங்கம் தந்த தங்கத்தை அரசு பன்னாட்டு நாணய நிதியத்தின் விலையில் எடுத்துக்கொண்டது. ஓர் அவுன்சுக்கு 35 டாலர் என்ற அவ்விலை, டாலருக்கு 4.76 ரூபாய் இருந்த காலத்தில் 10 கிராமுக்கு ஏறத்தாழ 53 ரூபாய் 58 காசு. 1966 நாணய மதிப்புக் குறைப்புக்குப் பின் அது ஏறத்தாழ 84 ரூபாய் 39 காசு. அந்தக் காலத்தில் உள்நாட்டுச் சந்தையில் தங்கம் ஏறத்தாழ இரு மடங்கு விலைக்கு விற்றது. அதாவது, சுரங்கத்தின் வரவு ஒரு விலையிலும், தொழிலாளியின் அரிசியும் எண்ணெயும் இன்னொரு விலையுலகிலும் இருந்தன. ஆழம் கூடக்கூட நீரிறைக்கவும் காற்றுச் செலுத்தவும் குளிரூட்டவும் மின்சாரச் செலவு ஏறியது. நட்டம் இவ்வாறு பெருகியபோது, தொழிலாளர் நலச் செலவுகள் எல்லாம் நட்டத்தின் காரணங்களாக எழுதப்படுவது எளிதாயிற்று.

இன்னொரு தடை அரசமைப்பிலேயே உள்ளது. ஏழாவது அட்டவணையைத் திறந்து பாருங்கள். ரயில் ஒன்றியப் பட்டியலில் 22ஆம் இனம். ஒன்றியக் கட்டுப்பாட்டில் உள்ள சுரங்கங்கள் அதே பட்டியலில் 54. உணவுக் கலப்படம் பொதுப் பட்டியலில் 18. மின்சாரம் அதே பட்டியலில் 38. குடிநீர் மாநிலப் பட்டியலில் 17. பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரைக் குடித்து, நியாயவிலை அரிசியை உண்டு, மாநில மின்வாரிய மின்சாரத்தில் இயங்கிய சுரங்கத்தில் வேலை செய்து, மத்திய அரசின் ரயிலில் ஊருக்குப் போன ஒருவரின் ஒரு நாள், மூன்று பட்டியல்களில் சிதறிக் கிடக்கிறது. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டிய கடமை மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் போயிற்று. கேள்வி டெல்லியில் எழலாம். பதில் தரும் சோதனைக்கூடம் வேறிடத்தில் இருந்தது.

6. 2001க்குப் பிறகு

1992இல் நலிந்த தொழில்களுக்கான வாரியத்திடம் சென்ற நிறுவனம், 2001 மார்ச் 1 முதல் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். சுரங்கம் இல்லாத தங்கவயலில் பழைய மூன்று தேவைகளும் உருமாறி எஞ்சின.

நிலக்கரிக்காகப் போடப்பட்ட ரயில்பாதையே ஊரின் உயிர்நாடியாயிற்று. விடியுமுன் மாரிகுப்பத்தில் ஏறி, பங்காருபேட்டை வழியாக, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறவர்கள் பல்லாயிரம் பேர். இவர்களுக்கு மாதாந்திரச் சீசன் டிக்கெட்டின் விலைதான் வீட்டு வாடகை. ஊரிலிருந்துகொண்டே நகரத்தில் வேலை பார்க்க இயலுமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஆனால் 1924 முதல் தனியே நடந்துவந்த ரயில்வே நிதிநிலை அறிக்கை 2017இல் பொது அறிக்கையோடு இணைந்தது. விவாதிக்க நேரமின்றி மானியக் கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக நிறைவேற்றும் 'கில்லட்டின்' முறையில் எந்த அமைச்சகமும் சிக்கலாம். எட்டுச் சட்டப்பேரவைத் தொகுதிகள் கொண்ட கோலார் மக்களவைத் தொகுதியில் தங்கவயல் ஒன்று. அத்தொகுதியின் உறுப்பினர் கே.எச். முனியப்பா 2009 முதல் 2012 வரை ரயில்வே இணையமைச்சராகவே இருந்தார். 2012-13 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் கோலாருக்குப் பெட்டித் தொழிற்சாலை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு உற்பத்தியாக மாறவில்லை.

மின்சார விலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. அங்கே மனு கொடுக்கலாம், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசலாம். ஆனால் அது அவையன்று. கட்டணம் உயர்ந்ததற்கு வாக்காளருக்குப் பதில் சொல்லும் கடமை அதற்கு இல்லை.

உணவைப் பொறுத்தவரை, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டம் கடையையும் ஆலையையும் சோதிக்கிறது. காற்றை அது சோதிப்பதில்லை. தங்கவயலின் சயனைடு மண்மேடுகளில் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு குவிந்திருக்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூசி வீட்டுக்குள், தண்ணீர்க் குடத்தில், சோற்றுப் பானையில் வந்து படிகிறது. அது உணவுப் பிரச்சினையா, சுற்றுச்சூழல் பிரச்சினையா, கனிமப் பிரச்சினையா என்பதற்கேற்ப பதில் சொல்ல வேண்டிய அமைச்சகம் மாறுகிறது. அம்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை ஏலம் விடும் பேச்சு எழும்போது மட்டும் எல்லாருடைய கவனமும் ஒரே நேரத்தில் திரும்புகிறது.

2023இல் கர்நாடக அரசு கொண்டுவந்த வாக்குறுதித் திட்டங்களில் நம் மூன்று பொருள்களும் இடம்பெற்றதைக் கவனியுங்கள். அன்னபாக்யாவில் கூடுதல் அரிசி, கிருக ஜோதியில் வீட்டுக்கு 200 அலகு வரை மின்சாரம், சக்தி திட்டத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயணம். அரிசி விற்பனையை மத்திய அரசு நிறுத்தியதால் கூடுதல் அரிசிக்குப் பதிலாகக் கிலோவுக்கு 34 ரூபாய் பணமாகத் தர நேர்ந்தது. சக்தி திட்டம் மாநிலப் பேருந்துக்குரியது. மாரிகுப்பத்திலிருந்து விடியலில் கிளம்பும் ரயிலுக்கு அது செல்லாது. ஏழாவது அட்டவணையின் கோடுகள் தங்கவயல் பெண் தொழிலாளியின் பயணப் பையினூடே இன்றும் ஓடுகின்றன.

7. ஆய்வு மாணவர்களுக்கு

தங்கவயலைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுரங்க அமைச்சகத்தின் பதில்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மைசூர் பிரதிநிதி சபை நடவடிக்கைகள், கர்நாடகச் சட்டப்பேரவை விவாதங்கள், மக்களவையின் ரயில், உணவு, எரிசக்தித் துறைகளுக்கான கேள்விகள், மனுக்கள் குழு மற்றும் அரசு உறுதிமொழிக் குழுவின் அறிக்கைகள் ஆகியவற்றை ஊரின் பெயரால் ஒன்றுசேர்த்துப் படியுங்கள். 'பௌரிங்பேட்டை' என்ற பழைய பெயரிலும் தேடுங்கள். எந்த ஆண்டில் எந்தக் கேள்வி எந்தத் துறைக்குச் சென்றது, எது எழவே இல்லை என்று ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள். துறைவாரியாகச் சிதறிய ஓர் ஊரின் வாழ்வை மீண்டும் ஒன்றாக்கும் பணி அது. அவைகள் செய்யாததை ஆய்வாளர் செய்யலாம்.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமல்ல. ஒரு தொழிலுக்காக உருவாகி, அத்தொழில் போனபின் எஞ்சியிருக்கும் ஊர்கள் இந்தியாவில் இன்னும் பெருகும். நிலக்கரி நகரங்கள் அந்த வரிசையில் நிற்கின்றன. அவற்றின் நட்டக் கணக்கு அவைகளில் தவறாமல் வாசிக்கப்படும். அங்கே எஞ்சுகிறவர்களின் அரிசிக்கும் விளக்குக்கும் ரயிலுக்கும் எந்த அவையில், யார் பதில் சொல்வது என்பதைச் சுரங்கத்தை மூடும் தீர்மானத்திலேயே எழுதிவைக்க வேண்டும். தங்கவயலில் அதை யாரும் எழுதவில்லை.